ஓடைப்பட்டி பஸ்ஸில் சொன்ன சட்டம்

புதிதாகக் கறுப்பு அங்கி தைத்துக்கொண்டு நம் கோர்ட்டுக்குள் நுழைந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கேட்க மட்டும் வாயைத் திறங்கள். அதற்கு மேல் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி, நானே எதிரி, நானே முதல் பிரதிவாதி.

நம் பக்கத்து ஜனங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வக்கீல் வீட்டுக்கு வந்து கேட்டால் அது வழக்கு. பஸ்ஸில் கேட்டால் அது சும்மா பேச்சு. சும்மா பேச்சுக்கு எதற்குக் குமாஸ்தா முன்னால் போய் நிற்க வேண்டும் என்று சந்தையில் கேட்பார்கள், சாவு வீட்டில் கேட்பார்கள், முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு திரும்பிக் கேட்பார்கள். கேட்பவர்களை நான் குறை சொல்லவில்லை. குறையெல்லாம் பதில் சொல்கிறவனிடம்.

எழுபதுகளின் தொடக்கம். உத்தமபாளையத்தில் நான் தொழிலுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு சீனியரிடம் உட்கார்ந்திருந்தேன். அவர் பெயர் வேண்டாம், சொன்னால் அவருடைய கட்சிக்காரர்களின் பேரன்மார் இன்றைக்கும் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது மொத்தம் ஒரே ஒரு சொல். எதைப் பற்றி என்ன சொன்னாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "படிச்சியா?" என்பார். பத்திரத்தைப் பற்றிச் சொன்னாலும் அதே கேள்வி. நோட்டீசைப் பற்றிச் சொன்னாலும் அதே கேள்வி. ஒருமுறை "வெளியே மழை பெய்யுது சார்" என்று சொன்னதற்கும் பழக்கதோஷத்தில் "படிச்சியா?" என்று கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த நாளில் ஓடைப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் மூன்றாவது சீட்டு, ஜன்னல் ஓரம். பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து உட்கார்ந்தார். திராட்சைக் கொத்து நறுக்கும் கத்தரிக்கோல் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. பெயர் ராசாங்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"வக்கீலுதானங்க?" என்றார்.

"ஆமா."

"எங்க தாய்மாமன் பிள்ளை குட்டி இல்லாம போய்ச் சேந்துட்டாக. போறதுக்கு முன்னால தோட்டத்தச் செட்டில்மெண்டு எழுதி ரிஜிஸ்தர் பண்ணிட்டாக. மூணு ஏக்கரு, கெணறு, திராச்சப் பந்தலு. அத்தை உசுரோட இருக்க மட்டும் அத்தை அனுபவிக்கணும். அதுக்குப் பின்னால எனக்கு. இதுல எனக்கு ஏதும் வில்லங்கம் வருமா?"

"பத்திரத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் போன வாரம்தான் புத்தகத்தில் பிற்கால உரிமைகள் பற்றிய அத்தியாயத்தை வாசித்திருந்தேன். வாசித்தது உள்ளே கிடந்து குறுகுறுத்துக்கொண்டிருந்தது. முன் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் வேறு திரும்பிப் பார்த்தார்.

"அத்தைக்கு முன்னால நீங்க போயிட்டா?" என்று கேட்டேன்.

"எங்க போயிட்டா?"

"செத்துப் போயிட்டா."

முன்னும் பின்னும் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோர்ட்டில் எட்டு மாதமாக எனக்குக் கிடைக்காத கவனம் அது.

"போயிட்டா ஒண்ணும் கெடையாது. அத்தை கண்ண மூடுற அன்னிக்கு நீங்க உயிரோட இருக்கணும். இருந்தாத்தான் தோட்டம். இல்லேன்னா உங்களுக்கும் இல்ல, உங்க பிள்ளைகளுக்கும் இல்ல."

"அப்பத் தோட்டம் யாருக்குப் போகும்?" என்றார் கண்டக்டர்.

"அத்தைக்கே முழுசாப் போயிரும்" என்று அதையும் எடுத்துக் கொடுத்தேன்.

கூடைக்கார அம்மாள், "அட பாவமே" என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டாக அதை எடுத்துக்கொண்டேன்.

ராசாங்கம் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, "அத்தைக்கு இப்ப அம்பத்தெட்டு. கல்லு மாதிரி இருக்காக" என்றார். சின்னமனூர் வந்தது. மற்ற ஆண்கள் பஸ் நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கினார்கள். அவர் பஸ் முழுதாக நிற்கும்வரை காத்திருந்து, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினார். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மறந்தும் போனேன்.

ஏழு வருஷம் ஓடியது. நான் தனியாக போர்டு மாட்டிவிட்டேன். நம் வக்கீல்கள் அறையில் அந்தக் காலத்தில் ஒரு வேடிக்கைக் கதை உலவியது. ஓடைப்பட்டியில் ஒரு ஆள் இருக்கிறாராம், பஸ் ஏற மாட்டாராம். சின்னமனூருக்கு நடந்தே போவாராம், அதுவும் ரோட்டை விட்டு வயலுக்குள் இறங்கி. தென்னை மரத்தடியில் நிற்க மாட்டார். கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டார். பந்தலுக்கு மருந்து அடிக்கும் நாளில் ஊரிலேயே இருக்க மாட்டார். அரிவாளோடு யார் வந்து என்ன சொன்னாலும், "நீங்க சொல்றதுதான் சரி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். தும்மினால் அடுத்தவர் சொல்லக் காத்திராமல் தனக்குத் தானே "நூறு ஆயுசு" சொல்லிக்கொள்வார். நாங்கள் அவருக்குக் கண்ணாடிச் சாமான் என்று பெயர் வைத்திருந்தோம். கல்யாண வீடுகளில் அவர் ரோட்டைக் கடப்பதை நடித்துக் காட்டச் சொல்லி என்னைத்தான் கேட்பார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடித்துக் காட்டுவேன்.

கதையில் அவருக்கு ஒரு எதிராளியும் உண்டு. அத்தை பேச்சியம்மாள். கூடைக்கார அம்மாள் அன்றைக்கே பஸ்ஸில் கேட்டதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பேச்சியம்மாள் மறுநாளே வெற்றிலையை விட்டார். கருவாட்டை விட்டார். காலையில் வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து, பிறகு பிள்ளையாருக்கு இருபத்தொரு சுற்று. இருவருக்கும் எதிரெதிர் வீடு. விடிந்ததும் இவர் வாசலுக்கு வந்து அவரைப் பார்ப்பார், அவர் வந்து இவரைப் பார்ப்பார். இரண்டு பேரும் இருப்பது உறுதியானதும் உள்ளே போய்விடுவார்கள். பகை என்று சொல்ல முடியாது. மீன் குழம்பு வைத்தால் அத்தை ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்புவார், முள்ளை எல்லாம் எடுத்துவிட்டு. பந்தயம் நேர்மையாக நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இவ்வளவையும் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு, இது என் கைவேலை என்று தெரியாது.

தெரிந்தது ஒரு காலைப் பொழுதில். ஒரு வழக்கில் வாய்தா வாங்கிக்கொண்டு கோர்ட்டிலிருந்து வெளியே வந்தேன். திராட்சைப் பெட்டி ஏற்றும் லாரியிலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடி வந்தார்.

"பஸ்ஸுல எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சட்டம் சொன்னது நீங்கதான?"

"எந்த பஸ்ஸும்மா?"

"ஓடைப்பட்டி பஸ்ஸு. மூணாவது சீட்டு, சன்னல் ஓரம். மடியில கல்யாண வீட்டுத் தேங்காப் பை. அவுக அடையாளம் சொல்லித்தான் அனுப்பிவிட்டாக."

அவர் செல்லத்தாயி, ராசாங்கத்தின் மனைவி. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். ராசாங்கத்துக்கு மூன்று வருஷமாகக் குடலிறக்கம். அறுத்துச் சரிசெய்யச் சொல்லி டாக்டர்கள் சொன்னார்கள். மயக்க ஊசியில் போய்விட்டால் தோட்டம் பிள்ளைகளுக்கு இல்லாமல் போகும் என்று, அவர் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே காலம் தள்ளினார். இன்று காலையில் இறங்கிய குடல் மாட்டிக்கொண்டுவிட்டது. சின்னமனூரில் ஒரு டாக்டரின் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சாயங்காலத்துக்குள் அறுக்காவிட்டால் உயிர் போய்விடும். அவரோ கையெழுத்துப் போட மறுக்கிறார்.

"அத்தை போகட்டும், அப்புறம் அறுங்கன்னு டாக்டர்ட்ட சொல்றாக. நீங்க சொன்னத நீங்கதான் வந்து மாத்திச் சொல்லணும்" என்றார் செல்லத்தாயி.

கண்ணாடிச் சாமானைச் செய்தது யார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த லாரியில் ஏறக்கூட யாரோ கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி நாலே அறை. டாக்டர் என்னைப் பார்த்ததும் வராந்தாவில் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"நீங்கதானா அது? உள்ள போய், நீ செத்தாலும் தோட்டம் உன் பிள்ளைக்குத்தான்னு சொல்லுங்க. கையெழுத்து வாங்கிருவேன்."

"பத்திரம் எங்க டாக்டர்? பார்க்காம எப்படிச் சொல்றது?"

"ஒரு பொய்தான வக்கீல் சார்? உங்களுக்கு அது புதுசா?"

தம்பிகளே, பொய் சொல்ல நான் தயாராகத்தான் போனேன். உயிரைக் காப்பாற்றச் சொல்லும் பொய்யில் என்ன தப்பு என்று நினைத்துக்கொண்டுதான் கதவைத் தள்ளினேன். கட்டிலில் ராசாங்கம் முழங்காலை மடக்கிக்கொண்டு, வேர்வையில் நனைந்து கிடந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க வக்கீலய்யா" என்றார். அந்த நிலையிலும் மரியாதை. பிறகு, "பத்திரத்தப் படிச்சீகளா?" என்று கேட்டார்.

என் சீனியர் இறந்து அப்போது இரண்டு வருஷம்.

"இல்ல" என்றேன்.

"அன்னிக்குப் பஸ்ஸுல?"

"அன்னிக்கும் படிக்கல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலியா, கோபமா என்று தெரியவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்பப் படிச்சிட்டு வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் சாகாம இருக்கேன். எனக்கு அது பழக்கந்தான்" என்றார்.

பத்திரம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. பெட்டி அத்தை வீட்டில். பெட்டியின் சாவி ராசாங்கத்தின் இடுப்புக் கயிற்றில். மாமனின் கருமாதி அன்று ஊர்ப் பெரிய மனிதர்கள் பேசி முடித்த ஏற்பாடு அது. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பத்திரத்தைத் தொட முடியாது. அதனால் ஏழு வருஷமாக யாருமே தொடவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் மனுப் போட்டால் நகல் கிடைக்கும், ஆனால் இரண்டு நாள் ஆகும். லாரியைத் திருப்பி ஓடைப்பட்டிக்கு அனுப்பினோம்.

ஒரு மணி நேரத்தில் பேச்சியம்மாள் லாரியின் முன் சீட்டில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அறுபத்தைந்து வயது. வேப்பங்கொழுந்தின் மகிமையோ என்னவோ, டாக்டரைவிட நிமிர்ந்து நடந்தார். நேராக உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்தார்.

"ஏலே ராசாங்கம், என்னலே இப்படிக் கெடக்க?"

"ஒண்ணுமில்லத்தே. லேசா வயித்து வலி" என்றார் ராசாங்கம். எதிராளியிடம் இளைத்துக் காட்ட மனமில்லை.

அத்தை வெளியே வந்தார். முகம் மாறியிருந்தது. பெட்டியைத் திறக்க வேண்டும் என்றேன். பெட்டி இருந்தது, பூட்டு இருந்தது, சாவியைக் காணவில்லை. காலையில் டாக்டர் வயிற்றைப் பார்த்தபோது கம்பவுண்டர் இடுப்புக் கயிற்றை அறுத்து எடுத்திருக்கிறார். கயிறு குப்பைக் கூடையில் கிடைத்தது, அதில் சாவி இல்லை. கம்பவுண்டர் மேசைக்கு அடியில் தேடினார். நர்சம்மா அழுக்குத் துணியை உதறினார். டாக்டர் மருந்துத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். நான் வராந்தாவில் நாலு காலில் தவழ்ந்தேன். படித்தவர்கள் நாலு பேர் அரை மணி நேரம் இந்த வேலையைச் செய்தோம்.

பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"வக்கீலு, இங்கன வாங்க. நான் அவனுக்கு முந்திப் போகணும், அம்புட்டுத்தான?"

"அப்படித்தான் பேச்சு. பத்திரத்துல என்ன இருக்குன்னு..."

"பத்திரங் கெடக்கட்டும். நான் நேத்தே செத்துட்டேன்னு எழுதுங்க. கைநாட்டு வைக்கிறேன்."

"அம்மா, நீங்க என் முன்னால நிக்கிறீங்க."

"நின்னா என்ன? எழுதுனாச் சரியாப் போச்சு. அவனுக்கு நேத்துல இருந்து தோட்டம் சொந்தம். அவன் நிம்மதியா அறுத்துக்கிரட்டும். பொழைச்சு வந்தான்னா அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டு நான் மறுபடி இருந்துக்கிறேன்."

ஏழு வருஷம் ஒரு நாளும் தோற்க மறுத்த மனுஷி, நின்ற நிலையில் பந்தயத்தை விட்டுக்கொடுக்கிறார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே டாக்டரின் மருந்துச் சீட்டில் எழுதினேன்: 'ஓடைப்பட்டி பேச்சியம்மாள் ஆகிய நான் நேற்றுக் காலமாகிவிட்டேன். இதை நல்ல நினைவோடும் சுய புத்தியோடும், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதிக் கொடுக்கிறேன்.' இறந்தவர் பேனா மையை விரலில் தடவி அழுத்தமாகக் கைநாட்டு வைத்தார். கைநாட்டு தன் முன்னால்தான் வைக்கப்பட்டது என்று டாக்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் என்ன போட்டோம் என்று படித்தார்.

அத்தை அதைக் கொண்டுபோய் ராசாங்கத்தின் கண் முன்னால் பிடித்தார். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். வெகுநேரம் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது செல்லுமா வக்கீலய்யா?"

டாக்டர் எனக்குப் பின்னால் நின்று என் முதுகில் குத்தினார். செல்லத்தாயி கையெடுத்துக் கும்பிட்டார். செல்லும் என்று ஒரு சொல் போதும், கத்தி எடுத்துவிடலாம். ஆனால் அவர் மேசையிலேயே இறந்துபோய், பத்திரம் உண்மையிலேயே நான் பஸ்ஸில் சொன்னபடி இருந்துவிட்டால், இந்தப் பெண் இரண்டு பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பார்? ஏற்கெனவே ஒருமுறை பார்க்காமல் சொன்னதன் விலை கட்டிலில் கிடக்கிறது.

"செல்லாது" என்றேன்.

பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். அப்போது செல்லத்தாயி மெல்லக் கேட்டார்.

"அந்தப் பூட்ட உடைச்சா என்ன?"

எங்கள் நாலு பேருக்கும் இது தோன்றவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். டாக்டர் ஓடிப்போய் எலும்பு தட்டும் சுத்தியலை எடுத்துவந்தார். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. சத்தம் கேட்டதும் ராசாங்கம் வலது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் சாவி.

"கயித்த அறுக்கவுமே உருவி வச்சுக்கிட்டேன். கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனே" என்றார்.

யாரும் அவரைக் கேட்கவில்லை.

பத்திரத்தைப் படித்தேன். நின்றுகொண்டு ஒருமுறை, உட்கார்ந்துகொண்டு ஒருமுறை. முக்கியமான இடம் இப்படி இருந்தது: 'இதில் கண்ட சொத்தில் என் மருமகன் ராசாங்கத்துக்கு இன்றைய தேதி முதலே பாத்தியதை உண்டாகிறது. என் மனைவி பேச்சியம்மாள் தன் ஆயுள் பரியந்தம் மகசூலை மட்டும் அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அவள் காலத்துக்குப் பின் ராசாங்கம், அல்லது அவன் வாரிசுகள், சுவாதீனம் எடுத்துக்கொள்ள வேண்டியது.'

உயிரோடு இருந்தால்தான் என்ற பேச்சே அதில் எங்கும் இல்லை. நீங்கள் இதைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சொத்து கைக்கு வரும் நாள் வேறு, உரிமை பிறக்கும் நாள் வேறு. அத்தையின் மரணம் என்றாவது ஒருநாள் வந்தே தீரும், அதனால் அது நிபந்தனை ஆகாது. அது தள்ளிப்போடுவது சுவாதீனத்தை மட்டும். உரிமை, மாமன் கையெழுத்துப் போட்ட அன்றே ராசாங்கத்தோடு ஒட்டிக்கொண்டது. புத்தகத்தில் இதற்கு அடுத்த பக்கத்தில் இருக்கும் இன்னொரு வகை உண்டு, அந்த நாளில் இவர் உயிரோடு இருந்தால் மட்டும் என்று எழுதுவது. அந்தப் பக்கத்தைத்தான் நான் பஸ்ஸில் ஒப்பித்திருக்கிறேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

"பஸ்ஸுல துண்டு போட்டு எடம் பிடிப்போம்ல? உங்க மாமா உங்களுக்குத் துண்டு போட்டுட்டாரு. இப்ப உக்காந்திருக்கது அத்தை. அவங்க எறங்குறப்ப எடம் உங்களுக்கு. அதுக்குள்ள நீங்க எறங்க வேண்டி வந்தா உங்க பிள்ளைக உக்காரும். வேற யாரும் உக்கார முடியாது."

"துண்டு எப்பப் போட்டாக?"

"பத்திரம் எழுதின அன்னைக்கே."

"அப்ப நான் செத்தா?"

"ஒண்ணும் கெட்டுப் போகாது."

"அப்ப நான் தாராளமாச் சாகலாமா?"

"தாராளமா."

ஏழு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்ததில்லை என்று செல்லத்தாயி பிற்பாடு சொன்னார். "பேனாவக் குடுங்க டாக்டரு" என்று கேட்டு வாங்கிக் கையெழுத்தைப் போட்டார்.

பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப அவன் முந்திப் போனாலும் எனக்கு ஒண்ணும் இல்ல?"

"இல்லம்மா. நீங்க இருக்கிறவரைக்கும் மகசூல் உங்களது. அதுல மாத்தமில்ல."

"அப்ப நான் ஏழு வருசமா வேப்பங்கொழுந்து தின்னது?"

"உடம்புக்கு நல்லது" என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே.

"பஸ்ஸுல இதச் சொன்ன வக்கீலு எவன்னு தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தார் அத்தை. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பஸ்ஸுக்கு டிக்கெட்டு எடுத்தீகளா?"

"எடுத்தேன்."

"அத மட்டும் கேட்டுட்டு உக்காந்திருக்கலாம்ல?"

இதைவிடச் சிறந்த தீர்ப்பை நான் எந்த பெஞ்சிலும் கேட்டதில்லை.

ராசாங்கத்தை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியதும் பேச்சியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டடத்தைச் சுற்ற ஆரம்பித்தார். இருபத்தொரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் என்னைக் கடக்கும்போது, நிற்காமல், ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போனார். பதினேழாவது சுற்றில் திட்டவில்லை. அழுதுகொண்டே போனார். நான் எழுந்து அவர் பின்னால் மீதிச் சுற்றுகளை நடந்தேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ராசாங்கம் பிழைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு கூடை திராட்சையோடு என் வீட்டுக்கு வந்தார், பஸ்ஸில். கிணற்றில் இறங்கிக் குளித்ததாகவும், எதிர்க் காட்டுக்காரனோடு வரப்புச் சண்டை போட்டதாகவும் சொன்னார். அத்தை மறுபடி வெற்றிலை போடுகிறாராம், கருவாட்டை ஒரு நாளும் விடுவதில்லையாம். வேப்பங்கொழுந்தை நிறுத்தியும் அவர் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. விடிந்ததும் வாசலுக்கு வந்து எதிர் வீட்டைப் பார்க்கும் பழக்கம் மட்டும் இரண்டு பேருக்கும் போகவில்லை. கண்ணாடிச் சாமான் நடிப்பை அதற்குப் பிறகு நான் எங்கும் நடிக்கவில்லை.

எட்டு வருஷம் கழித்து, பேச்சியம்மாள் இறந்து பத்து நாளில், ராசாங்கம் மறுபடி வந்தார். தலை நரைத்திருந்தது. பட்டா மாற்ற வேண்டும். இறப்புச் சான்று கேட்கிறார்கள், அது வர நாளாகும் என்றார். தோட்டம் முழுதாகக் கைக்கு வந்த மனிதரின் முகம் அல்ல அது. "காலையில வாசலுக்கு வந்தா எதுத்தாப்புல யாரும் இல்ல வக்கீலய்யா" என்றார்.

அவருடைய பழைய கேஸ் கட்டை எடுத்துப் பிரித்தேன். பத்திர நகலுக்குள்ளிருந்து அந்த மருந்துச் சீட்டு விழுந்தது. அவரைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று, "சான்று நம்மகிட்டயே இருக்கே, இதைக் குடுத்துப் பார்ப்போமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வாங்கி, அன்றைக்குப் போலவே எழுத்துக் கூட்டி, முதலிலிருந்து கடைசிவரை படித்தார். கைநாட்டின் மேல் தன் பெருவிரலை வைத்துப் பார்த்தார். ஏழு வருஷம் அந்தச் சாவுக்குக் காத்திருந்தவர் தோள் குலுங்க அழுதார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பட்டா எப்ப வேணாலும் வரட்டும். இதக் குடுங்க" என்றார்.

கட்சிக்காரரின் கேஸ் கட்டிலிருந்து காகிதத்தைக் கொடுக்கக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன். கொடுத்துவிட்டேன். அவர் அதை நாலாக மடித்து, துணியில் சுற்றி, முன்பு சாவி தொங்கிய இடத்தில் இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார்.